பயிற்சியாளர் அறிமுகத்தில் இருக்கும் வரிகளும் இல்லாத வரிகளும்

தற்காப்புக் கலை கற்க ஒரு ஜிம்மைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது பயிற்சியாளர்களின் அறிமுகத்தைத்தான். ஜூடோவில் 2ஆம் டான் (பிளாக் பெல்ட்டில் இரண்டாம் படி), பிரேசிலியன் ஜூஜிட்ஸுவில் பர்ப்பிள் பெல்ட், தாய்லாந்துக் கலையான முவே தாயில் 30 சண்டைகள், 15 வருட அனுபவம் என்று வரிசையாக எழுதியிருக்கும். படித்ததுமே ஒரு மரியாதை வந்துவிடும். வர வேண்டியதுதான், அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பல வருட வேர்வை இருக்கிறது.

ஆனால் அந்த வரிகளில் பெரும்பாலானவை அவரால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்பவை. அவர் யாரிடம், எத்தனை வருடம், எப்படிச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டார் என்பதற்கு வேறு வரிகள் வேண்டும். அவை அறிமுகத்தில் அரிதாகவே இருக்கும். நான் பெரியவனான பிறகு மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில், கால் வைத்தவன். முதல் பயிற்சியாளர் பதக்கங்கள் வாங்கியவர். இரண்டாவது வாரமே, விழக்கூடச் சரியாகத் தெரியாத என்னை, என்னைவிட மிகவும் எடை கூடிய பழைய மாணவர் ஒருவரோடு ஸ்பாரிங்கில், அதாவது மோதும் பயிற்சியில், இறக்கிவிட்டார். முழங்கால் தசைநார் கிழிந்து பல மாதங்கள் வீணாயின. அவருடைய திறமையில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. புதிதாக வருகிறவனை எப்படிப் படிப்படியாக உள்ளே கொண்டுவருவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அந்தக் காயத்துக்குப் பிறகுதான் பயிற்சியாளர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பெல்ட். இதற்கு மூலம் ஜூடோ. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கொடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருடமே மூத்த மாணவர்களான சைகோ ஷிரோ, டொமிடா ட்சுனேஜிரோ இருவருக்கும் முதல் டான் தகுதியைக் கொடுத்தார். அதுவரை, ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானியக் கலை ஜூஜுட்சுவின் பள்ளிகளில் சீடர் ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஆசான் சான்றுச்சுருள் கொடுப்பார். அந்தக் கட்டங்கள் குறைவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி இருக்கும். கானோ தொழிலால் கல்வியாளர், பள்ளிகளை நடத்தியவர். மாணவனுக்கு அடிக்கடி ஒரு படி தெரிய வேண்டும், அப்போதுதான் தொடர்ந்து வருவான் என்பது அவருக்குத் தெரியும். ஃபுனாகோஷி கிச்சின் 1924இல் இதே டான் முறையைக் கராத்தேவுக்குள் கொண்டுவந்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நாம் பார்க்கும் வண்ண பெல்ட்டுகள் அதற்கும் பிறகு ஐரோப்பாவில் பரவியவை. 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

முதல் டானுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். தொடக்கப் படி என்று பொருள். அடிப்படை கைக்கு வந்துவிட்டது, இனிமேல்தான் கற்கவே ஆரம்பிக்கிறாய் என்கிற அர்த்தத்தில் வைத்த பெயர் அது. பிளாக் பெல்ட் என்றாலே முடிந்த முடிவு, கரை கண்டவர் என்று வெளியே ஒரு எண்ணம் இருக்கிறது. அதைக் கொடுத்த மரபே அப்படி நினைக்கவில்லை. கற்பிக்கும் தகுதியைத் தனியாகப் பார்க்கும் வழக்கமும் அந்த மரபுக்குள்ளேயே உண்டு. ஜப்பானிய வாள் கலையான கெண்டோவில் டான் வேறு, ‘ரென்ஷி’, ‘கியோஷி’, ‘ஹன்ஷி’ என்ற ஆசிரியப் பட்டங்கள் வேறு. 6ஆம் டான் எடுத்த பிறகுதான் முதல் பட்டமான ரென்ஷியைப் பற்றியே பேச முடியும். டேக்வாண்டோவில் சியோலில் உள்ள குக்கிவொன் என்ற தலைமையகம் டான் சான்றிதழ் கொடுக்கிறது. பயிற்றுநர் சான்றிதழுக்கு அங்கே தனிப் படிப்பும் தனித் தேர்வும் இருக்கின்றன. ஒருவர் அறிமுகத்தில் டேக்வாண்டோ 4ஆம் டான் என்று மட்டும் இருந்தால் இந்த இரண்டாவது சான்றிதழ் உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஒரே நிற பெல்ட் எல்லா இடத்திலும் ஒரே எடை உள்ளது இல்லை. சில கலைகளில், சில பள்ளிகளில் மூன்று நான்கு வருடத்தில் பிளாக் பெல்ட் வந்துவிடும். பிரேசிலியன் ஜூஜிட்ஸுவில் பத்து வருடம் ஆவது சாதாரணம். அந்தக் கலைக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்கள் ப்ளூ பெல்ட்டில் குறைந்தது 2 வருடம், பர்ப்பிளில் ஒன்றரை வருடம், பிரவுனில் 1 வருடம் இருந்தாக வேண்டும். 19 வயதுக்கு முன்னால் பிளாக் பெல்ட் கிடையாது. இது குறைந்தபட்சக் கணக்குதான், நடைமுறையில் ஒவ்வொரு கட்டமும் இதைவிட நீளும். இதற்கு விதிவிலக்காக எப்போதும் சொல்லப்படுபவர் பி.ஜே. பென். சுமார் மூன்றே வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்கி, 2000இல் அந்தப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் பிரேசிலியர் அல்லாதவர் ஆனார். பெயரைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அபூர்வம்.

இதனால் ஒரு ஜூஜிட்ஸு ஜிம்மில் ஆரம்பநிலை வகுப்பைப் பர்ப்பிள் பெல்ட் எடுத்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஐந்தாறு வருடம் வாரம் நான்கு நாள் மேட்டில் உருண்டவராக அவர் இருப்பார். சில நாடுகளில், சில ஊர்களில் அந்தக் கலையில் கிடைக்கும் மூத்தவரே அவராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு மேலே ஒரு பிளாக் பெல்ட் இருக்க வேண்டும், அவர் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும். பெல்ட் கொடுக்கும் சங்கிலி அறுந்துபோனால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் கட்டிவிடலாம். அதனால்தான் ஜூஜிட்ஸுக்காரர்கள் பரம்பரையைக் கேட்பார்கள்: உங்களுக்கு பிளாக் பெல்ட் கட்டியவர் யார், அவருக்குக் கட்டியவர் யார்? பலருடைய வரிசை, பிரேசிலில் இந்தக் கலையை வளர்த்த கிரேசி குடும்பம் வழியாக, 1914இல் பிரேசிலுக்குப் போன கொடோகான் மாணவர் மாயேடா மிட்சுயோ வரை பின்னால் செல்லும். கேட்டதும் நல்ல பயிற்சியாளர் சந்தோஷமாகச் சொல்வார். தன் குருவின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரிடம் மேலும் இரண்டு கேள்வி கேட்பது நல்லது.

பெல்ட்டே இல்லாத கலைகளில் கதை வேறு. குத்துச்சண்டை, மல்யுத்தம், முவே தாய் மூன்றிலும் ஒருவரின் தகுதி அவர் மோதிய சண்டைகளில் எழுதப்படுகிறது. ஆனால் 30 சண்டை என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெச்சூரா, தொழில்முறையா, எந்த விதிகளில், எந்த அளவு எதிராளிகளோடு என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும். தாய்லாந்தில் எட்டு, பத்து வயதிலேயே மேடை ஏறத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. இருபதுகளின் நடுவில் 100 சண்டையைத் தாண்டியவர்கள் அங்கே நிறையப் பேர். அதே முவே தாயை வேறு நாட்டில் பெரியவரான பிறகு கற்றவருக்கு 10 சண்டை என்பதே பெரிய உழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இருவருக்குமே அநியாயம்.

முவே தாய் பயிற்சியாளரை ‘க்ரூ’ என்று கூப்பிடுவார்கள். நம் ‘குரு’தான் அது. இன்னும் மூத்தவர் ‘அஜான்’, அது ஆசாரியர் என்ற சொல்லின் தாய்லாந்து உருவம். சண்டை தொடங்கும் முன் வீரர் வளையத்துக்குள் ஆடும் ‘வாய் க்ரூ’ சடங்கே குருவுக்கு வணக்கம் சொல்வதுதான். ஜப்பானியக் கலைகளில் ‘சென்செய்’ என்றால் எழுத்துப்படி முன்னால் பிறந்தவர். நாம் எல்லோரையும் ‘மாஸ்டர்’ என்று ஒரே சொல்லில் கூப்பிட்டுவிடுகிறோம். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் கற்பிப்பவர் என்ற பொருளே முன்னால் நிற்கிறது, ஜெயித்தவர் என்பது இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு முவே தாய் முகாமில் பயிற்சியாளர் உருவாவது பேட், அதாவது மாணவர் அடிக்கும் திண்டு, பிடிப்பதில்தான். வெளியிலிருந்து பார்த்தால், மாணவர் அடிக்கிறார், இவர் வாங்குகிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மையில் முழு வகுப்பும் அந்த இரண்டு பேட்டுக்குள் இருக்கிறது. எந்த உயரத்தில் பேட் வருகிறதோ அங்கே உதை போகும். சற்றுத் தாமதமாகக் காட்டினால் மாணவர் காத்திருக்கப் பழகுவார். உதை முடிந்து கை கீழே இறங்கிவிட்டால் உடனே பேட்டால் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு, அடுத்த முறை கை இறங்காது. வாயால் ஒரு வார்த்தை பேசாமல் தூரம், நேரம், தற்காப்பு மூன்றையும் சொல்லித்தர முடியும். இதைச் செய்ய முதலில் அவரே பல வருடம் அடித்திருக்க வேண்டும், அப்புறம் பல வருடம் பிடித்திருக்க வேண்டும். மோசமாகப் பேட் பிடிப்பவரிடம் கற்பவருக்கு சத்தம் நன்றாக வரும், எதிரில் மனிதர் நின்றால் ஒன்றும் வராது. முழங்கை, தோள் வலியும் கூடவே வரும்.

சரி, பெரிய வீரராக இருந்தவர்தான் பெரிய பயிற்சியாளர் ஆக முடியுமா? குத்துச்சண்டை வரலாறு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. கஸ் டி’அமாட்டோ இளவயதில் ஏற்பட்ட கண் காயத்தால் தொழில்முறை வளையத்தில் இறங்க முடியாமல் போனவர். அவர் வளர்த்த ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956இல் 21 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்று அதுவரை யாரும் அத்தனை இளம் வயதில் வெல்லாத சாதனையைச் செய்தார். அதை 1986இல் 20 வயதில் முறியடித்த மைக் டைசனும் டி’அமாட்டோ வளர்த்தவர்தான். அந்த நாளைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, ஒரு வருடம் முன்னால் இறந்துபோயிருந்தார். முகமது அலியின் மூலையில் பயிற்சியாளராக நின்ற ஏஞ்சலோ டண்டியும் வீரராகப் பெயர் எடுத்தவர் இல்லை. நியூயார்க்கின் ஸ்டில்மன்ஸ் ஜிம்மில் மூத்த பயிற்சியாளர்களுக்கு வாளி தூக்கி, கைக்குக் கட்டுப் போட்டு, காயத்துக்கு மருந்து வைத்து, பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றவர். ஜூஜிட்ஸுவில் ஜான் டானஹர் இருக்கிறார். தத்துவத்தில் மேல்படிப்புக்காக நியூயார்க் போனவர், கால் காயங்களால் போட்டிகளில் பெரிதாக இறங்காதவர். 2002இல் ரென்சோ கிரேசியிடம் பிளாக் பெல்ட் பெற்று, ஒரு தலைமுறை வீரர்கள் எதிராளியின் காலைப் பூட்டும் உத்திகளையே மாற்றிவிட்டார்.

இதனால் சண்டை போட்டவர்கள் நல்ல பயிற்சியாளர் ஆக மாட்டார்கள் என்று ஆகிவிடாது. ஃப்ரெடி ரோச் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சண்டைகள் போட்டவர், பின்னால் சாம்பியன் மேனி பாக்கியாவோவைப் பயிற்றுவித்தவர். ஆனால் அவரும் கையுறையைக் கழற்றிய மறுநாளே மாஸ்டர் ஆகிவிடவில்லை. தன் பயிற்சியாளர் எடி ஃபட்ச்சுக்கு உதவியாளராகச் சில வருடங்கள் நின்றார். மேலே சொன்ன கதைகளில் நான் தேடிப் பார்த்தது இந்த உதவியாளர் காலத்தைத்தான். ஜெயித்தவரோ ஜெயிக்காதவரோ, யாரோ ஒருவர் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் பார்த்தாரா?

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கானோவின் சொந்த அனுபவமே இருக்கிறது. அவருடைய முதல் ஜூஜுட்சு ஆசான் ஃபுகுடா ஹச்சினோசுகே ஒருநாள் அவரைத் தூக்கிப் போட்டார். எழுந்த கானோ, இதில் கையை எப்படி வைக்க வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். ஆசான் வா என்று கூப்பிட்டு மறுபடியும் போட்டார். திரும்பக் கேட்டார், திரும்பப் போட்டார். எத்தனை தடவை கேட்டாலும் விளக்கம் வரவில்லை, விழுந்து விழுந்துதான் கற்க வேண்டும் என்பதே பதில். அந்த ஆசான் திறமைசாலி, அன்றைய வழக்கமும் அதுதான். ஆனால் அந்த மாணவர் பிற்காலத்தில் தன் பள்ளியில் நான்கு வழிகளில் கற்பித்தார். வடிவங்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘காத்தா’, தடையின்றி மோதும் ‘ராண்டோரி’, இவற்றோடு ‘கோகி’ என்ற விரிவுரையும் ‘மொண்டோ’ என்ற கேள்வி-பதிலும். கேள்வி-பதிலை மேட்டுக்குக் கொண்டுவந்தவர், தன் கேள்விக்குப் பதில் கிடைக்காத பையன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பிரியம் கூடுகிறது.

உடலால் தெரிந்த ஒன்றைச் சொல்லில் பிரித்துக்கொடுப்பது ஏன் இவ்வளவு சிரமம்? பல வருடம் செய்த அசைவு யோசனைக்கு அடியில் போய்விடுகிறது. சாம்பியனிடம் கேட்டால், ‘இப்படிப் பிடி, இப்படிப் போடு’ என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரே அசைவு. புதியவருக்கு அது ஏழு அசைவு. அந்த ஏழில் எதை முதலில் சொல்வது, எதை ஒரு மாதம் கழித்துச் சொல்வது என்று தீர்மானிப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

பயிற்சியை எப்படி அடுக்குவது என்பதிலும் ஆராய்ச்சி இருக்கிறது. 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனை இந்தத் துறையில் பிரபலம். ஒரு குழு மூன்று கை அசைவுகளை ஒவ்வொன்றாக, ஒன்றை முடித்து அடுத்தது என்று பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலைத்துக் கலைத்துப் பழகியது. பழகும்போது முதல் குழு நன்றாகச் செய்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது கலைத்துப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வகுப்பில் ஒரே உத்தியை ஐம்பது தடவை செய்துவிட்டு, நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் மாணவர் அடுத்த வாரம் அதை மறந்து நிற்பதற்கு இதில் ஒரு விளக்கம் உண்டு. பயிற்றுநர் படிப்புகளில் இதெல்லாம் பாடமாக வருகிறது. சர்வதேச குத்துச்சண்டைச் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றிதழ் 1, 2, 3 நட்சத்திரம் என்று படிப்படியாகப் போகிறது. பல நாடுகளின் ஜூடோ, மல்யுத்த அமைப்புகளும் இப்படி நிலைகள் வைத்திருக்கின்றன. வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்து வாங்கும் சான்றிதழும் இருக்கிறது, ஒரு வருடம் கண்காணிப்பில் வகுப்பு எடுத்து வாங்கும் சான்றிதழும் இருக்கிறது. பெயரைவிட, அதற்காக என்ன செய்தார் என்பதைக் கேட்பது பயன்தரும்.

இன்று பெரும்பாலான ஜிம்களில் பல கலைகள் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் கலப்புத் தற்காப்புக் கலை, அதாவது எம்.எம்.ஏ. 1993 நவம்பரில் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிய முதல் யூ.எஃப்.சி. போட்டியில், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களை ஜூஜிட்ஸு வீரர் ராய்ஸ் கிரேசி தரையில் இழுத்துச் சமாளித்தார். அதற்குப் பிறகு ஒரே கலை போதும் என்ற எண்ணம் நிற்கவில்லை. அதனால் ஒரு ஜிம்மில் குத்துச்சண்டைக்காரர், மல்யுத்த வீரர், ஜூஜிட்ஸு பிளாக் பெல்ட் மூவரும் வகுப்பு எடுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் துறையில் கெட்டிக்காரர். சிக்கல் இடைவெளியில் வரும். குத்துச்சண்டை வகுப்பில் குனிந்து தப்பிக்கச் சொல்வார், முழங்கால் அடி உள்ள போட்டியில் அந்தக் குனிவு ஆபத்து. மூன்றையும் சேர்த்துக் கோர்க்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் மூன்றிலும் உச்சத்தில் இருக்கத் தேவையில்லை. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பாடத்திட்டம் பேசுகிறார்களா என்பதே முக்கியம்.

பாதுகாப்புப் பயிற்சி பற்றி அறிமுகத்தில் வரும் வரி ஒன்றே ஒன்றுதான்: முதலுதவிச் சான்றிதழ். வேண்டியது இன்னும் அதிகம். தலையில் அடிபட்ட மாணவர் மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறான நம்பிக்கை. தலைசுற்றல், குழப்பம், கண் கூசுவது, நடையில் தடுமாற்றம் எல்லாமே அறிகுறிகள்தான். விளையாட்டில் மூளை அதிர்ச்சி பற்றி நிபுணர்கள் கூடி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் புதுப்பித்த வழிகாட்டுதல், சந்தேகம் வந்த உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கச் சொல்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, பிறகு லேசான உடற்பயிற்சியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் மருத்துவர் சரி என்ற பிறகே மோதும் பயிற்சி. இது தெரிந்த பயிற்சியாளர், ‘ஒண்ணும் இல்லை, தண்ணி குடிச்சுட்டு வா’ என்று சொல்ல மாட்டார். கழுத்து நெரிப்பு உத்திகளில் சில நொடிகளில் நினைவு தப்பும். போதும் என்று எதிரில் இருப்பவர் கையால் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறாரா? படர்தாமரையோடு வந்தவரை மேட்டில் இறங்க விடாமல் திருப்பி அனுப்புகிறாரா? குழந்தைகள் வகுப்பு எடுப்பவருக்குப் பின்னணிச் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த இடத்தில் பிள்ளையை விடாதீர்கள், அவர் எத்தனை டான் வைத்திருந்தாலும் சரி.

சேருமுன் ஒரு வகுப்பை ஓரத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். நான் அப்படிப் பார்க்கும்போது நன்றாகச் செய்யும் மாணவர்களைக் கவனிப்பதில்லை. எந்த வகுப்பிலும் ஒருவர் பின்தங்கி நிற்பார், இடது வலது குழம்பி, ஜோடியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். பயிற்சியாளர் அவரிடம் எத்தனை தடவை போகிறார், போனதும் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். சிலர் அதே விளக்கத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இப்போது சொல்லித்தரும் ஜூடோ பயிற்சியாளர் போட்டிகளில் பெரிதாக ஜெயித்தவர் இல்லை, தன் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் உதவியாளராக நின்றவர். நான் பார்க்கப் போன அன்று ஒரு மாணவருக்கு எறிதல் வரவே இல்லை. இவர் பக்கத்தில் போய், கையை மறந்துவிடு, உன் வலது பாதம் அவருடைய பாதத்துக்கு முன்னால் வந்ததா என்று மட்டும் பார், என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான்காவது முறை வந்தது. மறுநாள் காலை நான் பணம் கட்டிவிட்டேன்.